அஸ்டெரிஸ்க்குக்கு வரும் பேட்ச்களை வாங்கிப் பார்ப்பது எப்படி

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையோர ஹோட்டல்களுக்கு உள்ளகத் தொலைபேசி போட்டுக் கொடுப்பது என் தொழில். பெட்டிக்குள் ஓடுவது அஸ்டெரிஸ்க். மார்க் ஸ்பென்சர் என்பவர் 1999இல், தன் சின்னக் கம்பனிக்கு ஒரு பிஏபிஎக்ஸ் (உள்ளகத் தொலைபேசி இணைப்பகம்) வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. அவருடைய டிஜியம் நிறுவனத்தை 2018இல் சங்கோமா வாங்கியது. கோட், அதாவது மூல நிரல், இன்றும் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

அந்தக் கோடில் கை வைக்கிறவர்கள் என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள். கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறவர்கள் சிலர், கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தம்பி, உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி. அவர்கள் எழுதுவதை வாங்கிப் பார்த்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பி, கடைசியில் மேலே, அதாவது அஸ்டெரிஸ்க்கின் மூலத் திட்டத்தில், கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பாடு. இதே கதிரையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சி மொழி படிக்க வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

தொலைபேசி மென்பொருளில் கோடை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. ஒரு அழைப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் நினைத்த நேரத்தில் போனை வைப்பார்கள். ஒருவர் ஹோல்டில் போட்டிருப்பார், மற்றவர் இன்னொரு அறைக்கு மாற்றிக்கொண்டிருப்பார், நடுவில் வைஃபை போய்விடும். இவை எந்த வரிசையில் நடந்தால் உடைகிறது என்பதுதான் கேள்வி. அதனால் பேட்ச் (கோடில் செய்த ஒரு மாற்றம்) வந்தால் நான் முதலில் கேட்பது கோடை அல்ல. "அழைப்பைக் காட்டு" என்பேன்.

கோட் பிழையா, கொன்ஃபிக் பிழையா

கிண்ணியாத் தம்பி ஒருமுறை பிஜேசிப் பகுதியில் (அழைப்பை ஏற்படுத்தும் செய்திகளைக் கையாளும் பகுதி) எஸ்டிபி, அதாவது சத்தத்தை எங்கே அனுப்புவது என்று சொல்லும் குறிப்பு, எழுதும் கோப்பை மாற்றி ஒரு பேட்ச் கொண்டுவந்தான். ஒரு ஹோட்டலில் ஒருபக்கச் சத்தம். வெளியிலிருந்து அழைத்தவருக்கு ஹோட்டல்காரர் கதைப்பது கேட்கிறது, ஹோட்டலில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் செய்தது என்னவென்றால், எஸ்டிபியில் முகவரி போகும் 'சி=' வரியில் ஹோட்டலின் வெளி ஐபியை நேரடியாக எழுதிவிட்டான். அவனுடைய மேசையில் அது வேலையும் செய்தது.

அழைப்புச் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியில் அழைப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டச் சொன்னேன். 192.168 என்று தொடங்கும் உள் முகவரி போயிருந்தது. வெளியில் இருக்கிறவர் அந்த முகவரிக்குச் சத்தத்தை அனுப்பினால் அது எங்கே வந்து சேரும்? பிஜேசிப் கொன்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) டிரான்ஸ்போர்ட் பகுதியைப் பார்த்தால் வெளி மீடியா முகவரி, வெளி சிக்னலிங் முகவரி, உள் வலையமைப்பு மூன்றையும் யாருமே எழுதியிருக்கவில்லை. மூன்று வரி எழுதியதும் சத்தம் இரண்டு பக்கமும் வந்தது. அவனுடைய பேட்ச் போயிருந்தால் அறைக்கு அறை எடுக்கும் அழைப்பிலும் வெளி ஐபிதான் போயிருக்கும். அப்புறம் வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கு எடுத்தால் இரண்டு பக்கமும் மௌனம்.

ஆகவே கோடைத் திறக்கும் முன் இவை வர வேண்டும்: எந்தப் பதிப்பு, கடவுச்சொல் நீக்கிய கொன்ஃபிக், பிஜேசிப் லொகரை இயக்கி எடுத்த அந்த ஒரு அழைப்பின் முழுப் பதிவு. அதோடு, கை வைக்காத மூலப் பதிப்பிலும் இதே பிழை வருகிறது என்பதற்குச் சாட்சி. கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகள் எப்போதும் விட்டுவிடுவார்கள், அதை விடாமல் கேளுங்கள். எங்கள் பக்கம் இன்னொரு கேள்வியும் உண்டு. மாரி தொடங்கிவிட்டதா? நவம்பரில் "அழைப்பு அறுகிறது" என்று முறைப்பாடு வந்தால், கோடுக்கு முன்னால், பழைய வகைப் போன்களை இணைக்கும் அனலொக் அடப்டரின் போர்ட்டைப் பாருங்கள். மின்னல் தின்றிருக்கும்.

பதிவுகளை மேலே அனுப்பும் முன் எண்களை மறைக்க வேண்டும். 026இல் தொடங்கும் எண் என்றால் அது எங்கள் ஊரில் யாரோ ஒருவருடைய எண். ஆர்டிபியோடு (சத்தம் போகும் பொட்டலங்களோடு) சேர்த்துப் பிடித்த கோப்பு என்றால் அதற்குள் ஒரு மனிதர் தன் வீட்டாரோடு கதைத்த பேச்சே இருக்கிறது. அதைக் கிட்ஹப்பில், அஸ்டெரிஸ்க்கின் கோட் இருக்கும் பொதுத் தளத்தில், போடவே கூடாது. ஹோட்டலில் வந்த பிழையை மேசையில் திரும்ப வரவழைத்து, அந்தப் பதிவை அனுப்புங்கள்.

வெளியிலிருந்து, கடவுச்சொல் இல்லாமலே, ஒரு பொட்டலம் அனுப்பி சேர்வரை விழுத்த முடிகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், அது பொதுவில் எழுதும் விஷயம் அல்ல. கிட்ஹப்பில் பாதுகாப்புக் குறைகளைத் தனியாக அறிவிக்கும் வழி இருக்கிறது, அதில்தான் போக வேண்டும். பிள்ளைக்குப் பெருமையில் கை துறுதுறுக்கும். பிடித்து நிறுத்துங்கள்.

மேசை

சோதனைக்குப் பெரிய சாமான் வேண்டாம். பழைய லெப்டொப்பில் ஒரு மெய்நிகர் கணினி, இரண்டு சொஃப்ட்போன், ஒரு அடப்டரில் பழைய அனலொக் போன் போதும். அந்த மேசைக்கு வெளி இணைப்பு மட்டும் இருக்கக் கூடாது. டயல்பிளான் (எந்த எண் எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) சோதிக்கிறேன் என்று 119க்கோ 1990க்கோ அழைப்புப் போனால் அங்கே எடுப்பவர் உண்மையான பொலிஸ், உண்மையான அம்புலன்ஸ்.

கோடைக் கட்டும்போது டெவ் மோடை (எழுதுகிறவர்களுக்கான நிலையை) இயக்கியே கட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாக நின்றுவிடும், அப்படித்தான் வேண்டும். கட்டும் தெரிவுகளைக் காட்டும் மெனுசெலக்டில் ஒப்டிமைஸ் செய்வதை நிறுத்தி, நினைவகப் பிழை பிடிக்கும் மெலொக் டீபக், டெஸ்ட் ஃபிரேம்வொர்க் இரண்டையும் தெரிவு செய்தால், சிஎல்ஐயிலிருந்தே (கட்டளை அடிக்கும் திரையிலிருந்தே) உள்சோதனைகளை ஓட்டலாம். அது அடித்தளம். அதற்கு மேல் எஸ்ஐபிபி, சோதனை அழைப்புகளை எடுக்கும் கருவி. ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அழைப்பின் ஒவ்வொரு அடியையும் எழுதி வைத்தால் அதே அழைப்பை அதே வரிசையில் எத்தனை தரமும் எடுக்கலாம். "அக்கா, எனக்கு வருகுது, உங்களுக்கு ஏன் வரேல்ல" என்ற கதை அதோடு முடிந்துவிடும். அஸ்டெரிஸ்க்கின் சோதனைத் தொகுப்பு தனி ரெப்போவாகவே இருக்கிறது. பிள்ளை எழுதிய எஸ்ஐபிபி கோப்பு நன்றாக இருந்தால் அதையே அங்கே கொண்டுபோகலாம்.

சோதனையில் யார் முதலில் வைக்கிறார் என்பதை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும்போதே அழைத்தவர் வைப்பது, ஹோல்டில் இருக்கும்போது எடுத்தவர் வைப்பது, மாற்றும் நடுவில் மூன்றாமவர் எடுக்காமல் விடுவது, ஒருவருடைய கேபிளைப் பிடுங்குவது. நேராகப் போகும் அழைப்பு எந்த பேட்சிலும் வேலை செய்யும். பிழை இருப்பது இந்த மூலைகளில்தான்.

வாசிக்கும்போது

பேட்சை நான் மேலிருந்து கீழே வாசிப்பதில்லை. ஃபங்ஷனில் ரிட்டர்ன் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் தேடி, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கி வருவேன். அந்த இடத்தில் வெளியேறும்போது கையில் என்ன இருக்கிறது?

அஸ்டெரிஸ்க்கில் முக்கியமான பொருட்கள் பெரும்பாலும் ஏஓ2 என்ற ரெஃபரன்ஸ் கணக்கில் ஓடுகின்றன. எடுத்தால் ஒன்று கூட்ட வேண்டும், விட்டால் ஒன்று குறைக்க வேண்டும், கணக்கு பூச்சியத்துக்கு வந்தால் பொருள் அழியும். உவர்மலைத் தங்கச்சி அழைப்பு மாற்றும் பகுதிக்கு ஒரு திருத்தம் எழுதியிருந்தாள். நல்ல திருத்தம், பிரதான பாதை சுத்தம். ஆனால் மூன்றாமவர் எடுக்காமல் விட்டால் போகும் பாதையில், ஒரு இஃப்புக்குள், அவள் புதிதாக ஒரு ரிட்டர்ன் போட்டிருந்தாள். அதற்கு மேல் எடுத்த சனலை (அழைப்பின் ஒரு பக்கத்தை) அங்கே விடவில்லை. "எல்லாப் போனையும் வைத்துவிட்டு சனல்களைக் காட்டும் கட்டளையை அடித்துப் பார்" என்றேன். யாருமே கதைக்காத சேர்வரில் ஒரு சனல் அசையாமல் நின்றது. அவளே சிரித்துவிட்டு, அந்த ரிட்டர்னை எடுத்து, கீழே ஏற்கனவே இருந்த துப்புரவு இடத்துக்குத் தாவும்படி மாற்றினாள்.

ரெஃபரன்ஸ் மிஞ்சினால் இப்படி நினைவகம் கசியும், சனல் தங்கும். ரெஃப் டீபக்கை இயக்கிக் கட்டினால் ஒவ்வொரு கூட்டலும் கழித்தலும் கோப்பில் விழும். கோடோடு வரும் ரெஃப்கவுன்டர் ஸ்கிரிப்ட் அதை வாசித்து, கணக்கு எங்கே தவறுகிறது என்று சொல்லும். அளவுக்கு மேல் குறைத்தால் கதை வேறு. அழிந்த பொருளை இன்னொருவர் தொட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் சேர்வர் விழும். அந்த மாதிரி விழுந்ததைப் பார்த்துவிட்டு விழுந்த இடத்தில் நல் (பொருளே இல்லாத வெறுமை) சோதனை ஒன்றைச் செருகி அனுப்பும் பேட்ச் நிறைய வரும். ஏற்காதீர்கள். ஏன் அங்கே நல் வந்தது என்று தெரிந்த பிறகுதான் திருத்தம்.

அடுத்தது லொக், ஒரு பொருளை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் இருக்கப் போடும் பூட்டு. இங்கேதான் நேரம் எடுத்து இருக்க வேண்டும். இரண்டு சனலைப் பூட்ட வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினால், இன்னொரு திரெட் (சேர்வருக்குள் கூடவே ஓடும் வேறு வேலை) அதே இரண்டையும் எதிர் வரிசையில் பூட்டி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அதற்காகவே இரண்டையும் சேர்த்துப் பூட்டும் ஃபங்ஷன் தந்திருக்கிறார்கள். பிஜேசிப்பில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. ஒவ்வொரு செஷனின் வேலையும் அதற்கென்ற சீரியலைசர் வரிசையில் ஒவ்வொன்றாக நடக்கிறது. சனல் லொக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வரிசைக்கு ஒரு வேலையை அனுப்பி, முடியும்வரை காத்திருந்தால், அந்த வேலைக்கும் அதே சனல் லொக் தேவைப்படலாம். அவ்வளவுதான், அந்த அழைப்பு உறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அதைத் தொடவரும் மற்றவர்களும் உறைவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் சேர்வர் உயிரோடு இருக்கும், போன் மட்டும் அடிக்காது.

ஆகவே காத்திருக்கும் வகை ஃபங்ஷன் எதையாவது பேட்சில் கண்டால் எழுதியவரிடம் கேளுங்கள்: இந்த வரியில் எந்த லொக் கையில் இருக்கிறது? "இருக்காது என்று நினைக்கிறேன்" என்பது பதில் அல்ல. இந்த ஃபங்ஷனை அழைக்கிற ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பார்த்து எழுதித் தர வேண்டும். டீபக் திரெட்ஸ் இயக்கிக் கட்டினால், உறைந்த நேரத்தில் லொக்குகளைக் காட்டும் சிஎல்ஐ கட்டளை எந்தத் திரெட் எதை வைத்திருக்கிறது என்று காட்டும்.

ஸ்லீப் (கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்கும் வரி) போட்டுத் திருத்திய பேட்சை வாசிக்கவே வேண்டாம். அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

கமிட்டின் உருவம்

ஒரு கமிட்டில் (செய்தியோடு பதிந்து அனுப்பும் மாற்றத்தில்) ஒரு திருத்தம். கூடவே வெற்றிடங்களைச் சீர் செய்வது, பெயர் மாற்றுவது, பக்கத்து ஃபங்ஷனை அழகாக்குவது எதுவும் வேண்டாம். அழகாக்க ஆசை என்றால் தனியாக அனுப்பட்டும். மேலே இருக்கிறவர்கள் 2023 முதல் கிட்ஹப்பில்தான் வேலை செய்கிறார்கள், அதற்கு முன் கெரிட் என்ற கருவியில். ஒரு புல் ரிக்குவெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு) வழமையாக ஒரே கமிட்தான் எதிர்பார்ப்பார்கள். திருத்தம் கேட்டால் அதன் மேல் "கருத்துக்களைச் சரி செய்தேன்" என்று இன்னொரு கமிட் வைக்காமல், அதே கமிட்டைத் திருத்தித் திரும்பத் தள்ள வேண்டும். தலைப்பு மொடியூலின் பெயரோடு தொடங்க வேண்டும், கீழே பிரச்சினை எண் வர வேண்டும். பயனாளருக்குத் தெரியும் மாற்றம் என்றால் யூசர்நோட் வரி, பழைய கொன்ஃபிக்கை உடைத்தால் அப்கிரேட்நோட் வரி.

கமிட் செய்தி ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதில் தடுமாறி, அகராதியைத் தேடி, பெரிய பெரிய வசனமாக எழுதி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் விடுவார்கள். நான் முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன். தங்கச்சி எழுதியது இப்படி இருந்தது: "அழைப்பை மாற்றும்போது மூன்றாமவர் எடுக்காவிட்டால் முதல் சனல் விடுபடாமல் நிற்கிறது. காரணம், தோல்விப் பாதையில் ரெஃபரன்ஸ் குறைக்கப்படவில்லை. அந்தப் பாதையையும் பொதுத் துப்புரவுக்குத் திருப்பியிருக்கிறேன்." என்ன நடக்கிறது, ஏன், என்ன செய்தேன். இதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் வைத்தால் போதும். தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால் ஆங்கிலம் அல்ல பிரச்சினை.

பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரில் கையொப்பம் இட வேண்டும், இல்லையென்றால் பேட்ச் அங்கேயே நிற்கும். அஸ்டெரிஸ்க் ஜிபிஎல்லோடு வணிக உரிமத்திலும் விற்கப்படுகிறது, அதற்குத்தான் அந்தக் காகிதம். பிடிக்காவிட்டால் அனுப்பத் தேவையில்லை, அது அவரவர் விருப்பம். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் அனுப்ப நான் விடுவதில்லை.

தமிழில் எண் வாசித்தல்

குரலஞ்சல் எத்தனை இருக்கிறது, மணி என்ன என்று தமிழில் சொல்ல வைக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. எண்ணை வாசிக்கும் கோட் சே.சி என்ற கோப்பில் மொழிக்கு ஒரு ஃபங்ஷனாக இருக்கிறது. வந்த பேட்ச் ஆங்கிலத்துக்கானதைப் பிரதி எடுத்து ஒலிக்கோப்பை மட்டும் மாற்றியது. 125 என்று கொடுத்தால் "ஒன்று நூறு இருபது ஐந்து" என்று வாசித்தது. ஒரு இலட்சத்தை "ஒன்று நூறு ஆயிரம்" என்றது.

இந்த வகைப் பேட்ச்சில் ஒரு ஆபத்து இருக்கிறது. மேலே பார்ப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. கோட் சுத்தமாக இருந்தால் சேர்த்துவிடுவார்கள். ஆகவே வெளிவரும் ஒலிக்கு உண்மையான பரிசோதகர் நீங்கள் மட்டும்தான். கோடைப் பார்க்கும் முன் ஒரு அட்டவணை கேட்டேன்: 9, 10, 19, 20, 21, 90, 99, 100, 101, 300, 900, 901, 1000, 1001, 9000, 1,00,000. ஒவ்வொன்றுக்கும் நேரே வாயால் எப்படிச் சொல்வோம் என்று எழுத வேண்டும். எழுதத் தொடங்கியதுமே நூறு, நூற்று என்ற இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு தேவை, இருபது, இருபத்து என்பதற்கும் அப்படியே, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், ஆனால் 9000 ஒன்பதாயிரம் என்று எல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. கோடின் உருவம் அந்த அட்டவணையிலிருந்து தானாக வந்தது.

அதற்கும் முன்னால், இதற்கு சி கோட் தேவையா என்று கேளுங்கள். அறை எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்வோம், அதற்குப் பத்து ஒலிக்கோப்பு போதும். மற்றதிலும் பெரும்பகுதியை சே கொன்ஃபிக் கோப்பில் விதியாக எழுதலாம். குரல் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

மேலே அனுப்பியபின்

புல் ரிக்குவெஸ்ட்டை மாஸ்டர் (பிரதான) கிளைக்கு எதிராகத் திறந்து, வேறு எந்தெந்தப் பதிப்புக் கிளைகளுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு கருத்தாக எழுத வேண்டும். கிளைக்கு ஒரு செரி-பிக் (அந்தக் கமிட்டை அங்கேயும் எடுத்து வைக்கச் சொல்லும்) வரி. ஏற்கனவே வெளியான கிளைக்குப் புதிய வசதி போவதென்றால் பழைய நடத்தை மாறக் கூடாது, சோதனையும் கூடவே வர வேண்டும். கருத்துகள் பெரும்பாலும் எங்களுக்கு இரவில் வரும். இரவிலேயே பதில் எழுத வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். "இது ஏன் இப்படி?" என்று ஒருவர் கேட்டால் அது கேள்விதான், ஏச்சு அல்ல.

புதிய பெரும் பதிப்பு வருடாவருடம் ஒக்டோபரில் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளான 18, 20, 22 மூன்றும் 2020, 2022, 2024 ஒக்டோபர்களில் வந்தவை. எங்கள் கரைக்கு இது வசதி. சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை, அந்த மாதங்களில் எந்த ஹோட்டலிலும் நான் கை வைப்பதில்லை. பருவம் முடிந்து அறைகள் காலியாகும்போது நீண்டகாலப் பதிப்பை மட்டும் ஏற்றுவேன். 21ஆம் பதிப்பில் பழைய சான்_சிப் மொடியூலையே எடுத்துவிட்டார்கள். அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கொன்ஃபிக்குகளை பிஜேசிப்புக்கு மாற்ற ஒரு மாரி முழுக்கப் போனது.

மேலே சேரும்வரை ஒரு திருத்தம் எங்கள் பெட்டிகளில் தனி பேட்சாக இருக்கும். ஒவ்வொரு பேட்ச் கோப்பின் தலையிலும் யார் எழுதியது, எதற்கு, மேலே எந்த எண் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். மேலே எண் இல்லாத பேட்ச் நீண்ட நாள் கிடந்தால், அதை அனுப்புவதா எறிவதா என்று முடிவெடுக்க வேண்டும். திருத்தம் அடங்கிய பதிப்பை ஏற்றும் அன்றே அடுக்கிலிருந்து அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த தடவை கட்டும்போது மோதி நிற்கும், அது பரவாயில்லை. சில நேரம் மோதாமல் சில வரி தள்ளி இரண்டாம் தரமும் ஒட்டிக்கொள்ளும். அப்போது அதே ரெஃபரன்ஸ் இரண்டு தரம் குறைந்து, அறை மாற்றும் முதல் அழைப்பிலேயே சேர்வர் விழும்.